காலா, கருவியா? நேரப் போட்டிக்குத் தனி மிதிவண்டி வேண்டுமா?



ஒரு நாள் மாலை, பள்ளி விடும் நேரத்தில், பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயார் இயற்பியல் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், கடற்கரை ரோட்டுல நடக்கிற சைக்கிள் போட்டியில கலந்துக்கணும்னு பொண்ணு ஆசைப்படுறா. பத்துக் கிலோமீட்டராம். ஆனா அதுக்குன்னே தனி சைக்கிள் இருக்குதாம். அது இல்லாம போனா நின்னு பார்த்துட்டுத்தான் வரணும்னு யாரோ சொல்லிட்டாங்க. பழசா ஒண்ணு வருதாம். என் கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கலாமான்னு பார்க்கிறேன். வைக்கட்டுமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க" என்றார்.

சைக்கிளைப் பற்றி விளையாட்டு ஆசிரியையிடம் அல்லவா கேட்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். அவர்தாம் இவரை என்னிடம் அனுப்பியிருந்தார். "இது காற்றைப் பற்றிய கணக்கு, நீங்களே சொல்லுங்கள்" என்று சீட்டும் எழுதியிருந்தார். "இரண்டு நாள் பொறுங்கள் அம்மா, அதுவரை சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினேன். அந்த இரண்டு நாளில் நான் போட்டுப் பார்த்த கணக்கே இக்கட்டுரை.

நேரப் போட்டி என்றால் என்ன?

எல்லாரும் ஒரே கோட்டில் நின்று ஒன்றாகப் புறப்படுவது சாதாரணப் பந்தயம். 'டைம் டிரையல்' எனப்படும் நேரப் போட்டியில் ஒவ்வொருவராக, சிறிது இடைவெளி விட்டுப் புறப்படுவர். முன்னால் செல்பவரின் பின்னே ஒட்டிக்கொண்டு காற்றிலிருந்து தப்பிக்க இதில் அனுமதி இல்லை. தனி ஒருத்தி, எதிரே காற்று, கையில் கடிகாரத்துடன் நடுவர், அவ்வளவுதான். குறைந்த நேரத்தில் தூரத்தைக் கடந்தவருக்கே வெற்றி.

இது இங்கிலாந்தில் பிறந்த விளையாட்டு. பெருங்கூட்டமாகச் சாலையில் பந்தயம் ஓட்டியதால் காவல்துறையினரின் எதிர்ப்பு எழுந்தது. எனவே பிட்லேக் என்பவர் 1895 அக்டோபர் 5ஆம் நாள், ஒவ்வொருவராக அனுப்பி 50 மைல் போட்டி ஒன்றை நடத்தினார். அதன்பின் பல்லாண்டுகள், பந்தயம் நடப்பதே பிறர் கண்ணில் படாதிருக்க, போட்டியாளர்கள் கழுத்து முதல் கணுக்கால் வரை கறுப்பு உடை அணிந்து ஓட்டினர். நம் சீருடையைக் குறை கூறும் மாணவியர் இதைச் சற்று நினைத்துக்கொள்ளட்டும்!

இன்று இப்போட்டிக்கெனத் தனிக் கருவிகள் வந்துவிட்டன. விடுமுறை நாள் விடியற்காலையில் கோவளத்திலிருந்து மாமல்லபுரம் செல்லும் சாலையில் அவற்றைக் காணலாம். முழங்கைகளை ஊன்றி, கைகளை முன்னே நீட்டிக்கொள்ளும் கைப்பிடி. ஆரக்கம்பிகளே தெரியாமல் தட்டு மூடியது போன்ற பின்சக்கரம். நீர்த்துளி போல் பின்புறம் கூர்ந்த தலைக்கவசம். தோலோடு ஒட்டிய உடை. புதிதாக வாங்கினால் இவையெல்லாம் சேர்ந்து பல இலட்சம் ரூபாய் ஆகும்.

காற்று செய்யும் வேலை

சமதளச் சாலையில் மிதிவண்டியை இழுத்துப் பிடிப்பவை இரண்டு. ஒன்று டயரும் சாலையும் சேர்ந்து உண்டாக்கும் உருள் உராய்வு. மற்றொன்று காற்றின் தடை. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அத்தடையை வெல்லக் கால்கள் தர வேண்டிய திறனோ எட்டு மடங்காகும். இதை வகுப்பில் படித்திருக்கிறீர்கள்.

இப்போது மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் நம் மாணவியையும், மணிக்கு 54 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் உலக வீரர் ஒருவரையும் ஒப்பிடுவோம். அவர் சந்திக்கும் காற்றுத் தடை இவள் சந்திப்பதைப் போல் ஏழு மடங்குக்கு மேல். அதை வெல்ல அவர் தர வேண்டிய திறன் ஏறத்தாழ 20 மடங்கு. அவருக்குக் காற்று ஒரு சுவர். அதனால்தான் காற்றைக் கிழிக்கும் கருவிகளை அவர் தேடுகிறார்.

கருவிக்குப் பயன் உண்டா?

உண்டு. உண்மையை மறைத்துப் பாடம் நடத்தக் கூடாது.

1989ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் பெரும் மிதிவண்டிப் பந்தயமான 'டூர் டி பிரான்ஸ்' போட்டியின் கடைசி நாள். வெர்சேல்ஸ் நகரிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டர் நேரப் போட்டி. பிரெஞ்சு வீரர் ஃபின்யோன் அதுவரை 50 வினாடி முன்னணியில் இருந்தார். அமெரிக்க வீரர் லெமாண்ட் முழங்கை ஊன்றும் புதுவகைக் கைப்பிடியும் நீண்ட தலைக்கவசமும் கொண்டு வந்தார். ஃபின்யோனிடம் அந்தக் கைப்பிடி இல்லை, தலைக்கவசமும் இல்லை. லெமாண்ட் 26 நிமிடம் 57 வினாடியில் முடித்தார். ஃபின்யோனுக்கு அதைவிட 58 வினாடி கூடுதலாயிற்று. மூன்று வாரப் பந்தயம் 8 வினாடியில் கைமாறியது. ஃபின்யோன் அன்று உடல் நோவோடு ஓட்டினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எனினும் அந்தக் கைப்பிடியின் பங்கை எவரும் மறுப்பதில்லை.

இன்னொரு சான்று. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பது மிதிவண்டி உலகின் பெரிய சோதனை. பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1972இல் மெக்சிகோ நகரில், சாதாரண வடிவப் பந்தய மிதிவண்டியில், 49.431 கிலோமீட்டர் சென்றார். 1996இல் இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மன், கைகளை முன்னே முழுதும் நீட்டிய நிலையில், தனி வடிவ வண்டியில் 56.375 கிலோமீட்டர் சென்றார். பின்னர் உலக மிதிவண்டிச் சங்கம், பழைய வடிவ வண்டியில் செய்வதே மனிதரின் சாதனை என்று விதி வகுத்தது. அதே போர்ட்மன் 2000ஆம் ஆண்டில் பழைய வடிவ வண்டியில் ஏறினார். சென்ற தூரம் 49.441 கிலோமீட்டர். மெர்க்ஸைவிடப் பத்தே மீட்டர் கூடுதல்!

மெக்சிகோ உயரமான இடம், அங்கே காற்று மெல்லியது. போர்ட்மனுக்கும் வயது நான்கு கூடியிருந்தது. இவற்றைக் கழித்துப் பார்த்தாலும் இரண்டு பாடங்கள் மிஞ்சுகின்றன. கருவியும் அது தரும் உடல் நிலையும் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் பல கிலோமீட்டர் தரும். கருவியை எடுத்துவிட்டால், 28 ஆண்டு இடைவெளியில் வாழ்ந்த இரு பெரும் வீரர்களும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் நிற்கிறார்கள்.

அப்படியானால் தொடக்கநிலையாளருக்கு?

இங்கேதான் கணக்கு நமக்குக் கை கொடுக்கிறது.

முதலாவது, மிதிவண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து செல்லும்போது காற்றுத் தடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஓட்டுபவரின் உடலால் வருவது. வண்டியால் வருவது எஞ்சிய பங்குதான். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் மாணவி, கைப்பிடியை விடாமல், பிரேக்கில் விரல் இருக்க, முழங்கைகளை மடக்கி மார்பைத் தாழ்த்தினாலே கருவி தரும் பயனில் ஒரு பகுதியைக் காசில்லாமல் பெற்றுவிடுவாள். பறக்கும் துப்பட்டாவைக் குறுக்கே இறுக்கிக் கட்டிக்கொண்டால் காற்றும் பிடிக்காது; சக்கரத்தில் சிக்கும் பேராபத்தும் நீங்கும்.

இரண்டாவது, நிதானம். ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்பும் பத்துக் கிலோமீட்டர் போட்டி என்று வைத்துக்கொள்வோம். புதிதாகப் பங்கு கொள்பவள் ஆவேசத்தில் முதல் பாதியை மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறாள். மூச்சு வாங்கி, மறு பாதியை 20இல் முடிக்கிறாள். சராசரி 25 என்றுதானே சொல்வீர்கள்? கணக்கிட்டுப் பாருங்கள். முதல் பாதிக்கு 10 நிமிடம், மறு பாதிக்கு 15 நிமிடம், மொத்தம் 25 நிமிடம். சராசரி வேகம் 24தான். தொடக்கம் முதல் 25இலேயே சீராக ஓட்டியிருந்தால் 24 நிமிடத்தில் முடித்திருப்பாள். இழந்தது 60 வினாடி. பாரிஸில் வீரர் இருவருக்கிடையே இருந்த வேறுபாடு 58 வினாடி என்பதை மறந்துவிடாதீர்கள்! அத்தனை வினாடியையும் நம் மாணவி கருவியின்றியே, பொறுமையால் மீட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, பயிற்சி. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் பத்துக் கிலோமீட்டர் செல்ல 30 நிமிடம். வேகம் 25 ஆனால் 24 நிமிடம். ஆறு நிமிட மீதம்! புதிதாகத் தொடங்குபவருக்குச் சில மாத ஒழுங்கான பயிற்சியில் இந்த அளவு முன்னேற்றம் அரிதன்று. பல்லாண்டு பயின்ற வீரருக்கோ அரை நிமிடம் குறைப்பதே மலை. அவருடைய கால் தன் எல்லையைத் தொட்டுவிட்டது. ஆகவே அவர் கருவியை நாடுகிறார். நம் கால் இன்னும் எல்லையைத் தொடவேயில்லை.

"மெதுவாகப் போகிறவள் சாலையில் அதிக நேரம் இருக்கிறாள். அவளுக்கும் கருவியால் சில வினாடிகள் மிச்சமாகுமே" என்று கூரிய மாணவி ஒருத்தி கேட்கலாம். சரியான கேள்வி. மிச்சமாகும். ஆனால் அதே வினாடிகளும் அவற்றைவிட அதிகமும் விலையின்றிக் கிடைக்கும்போது, சங்கிலியை அடகு வைத்து அவற்றை வாங்குவானேன்?

நம் கடற்கரைக் காற்று

நம் ஊருக்கென்று ஒரு காரணமும் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலை வடக்கு தெற்காக ஓடுகிறது. கடற்காற்றோ பிற்பகலில் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசும். மாமல்லபுரம் நோக்கித் தெற்கே செல்பவளுக்கு அது இடது பக்கத்திலிருந்தும் முன்னிருந்தும் அடிக்கும். தட்டுப் போன்ற சக்கரமும் அகன்ற விளிம்புள்ள சக்கரமும் பக்கக் காற்றைப் பாய்மரம் போல் பிடித்துக்கொள்ளும். உடல் எடை குறைந்த சிறுமியை அவை சாலையின் நடுப்பக்கம் தள்ளிவிடக் கூடும்.

மேலும் முழங்கை ஊன்றிய நிலையில் கை பிரேக்கிலிருந்து விலகியிருக்கும். நாயோ மாடோ குறுக்கே வந்தால், சாலையோரம் மணல் பரவியிருந்தால், கையை எடுத்துப் பிரேக்கைப் பிடிக்கும் அந்த நொடியில் விபத்து நேரலாம். நன்கு பழகியவர்க்கே உரிய கருவி அது. நேராக, ஆடாமல் ஓட்டவும், பின்னால் திரும்பிப் பார்க்கவும் பழகாதவர் கையில் அது நன்மையைவிடத் தீமையே செய்யும்.

எடையைப் பற்றியும் ஒரு சொல். நம் சாதாரண மிதிவண்டி கனமானதுதான். ஆனால் எடையின் தொல்லை மேட்டில்தான் முழுதும் தெரியும். கடற்கரைச் சாலை சமதளம். புறப்படும்போது சற்று அதிகம் அழுத்த வேண்டும். வேகம் பிடித்தபின் எடையால் கூடுவது உருள் உராய்வில் ஒரு பங்கே.

உண்மையில் வேண்டியவை

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் வழங்கப்படும் விலையில்லா மிதிவண்டி உங்களில் பலரிடம் இருக்கிறது. 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிய திட்டம் பின்னர் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர்க்கு விரிவடைந்தது. அந்த வண்டியே போதும். அதற்குச் செய்ய வேண்டியவை இவை:

1. டயர். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி ஆற்றலை விழுங்கும். எவ்வளவு காற்று வேண்டும் என்பது டயரின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். வாரம் ஒரு முறை அடித்துக்கொள்ளுங்கள்.

2. சீட்டின் உயரம். சீட்டில் அமர்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். நம் மாணவியருள் பலர் சீட்டை மிகத் தாழ்த்தி வைத்து முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

3. செயின். கடற்காற்றின் உப்பு செயினை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். துணியால் துடைத்து எண்ணெய் விடுங்கள். ஓவராயில் செய்யும்போது சக்கரத்தின் கோட்டத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். பிரேக் கட்டை ரிம்மில் உராய்ந்துகொண்டே இருந்தால் அதைவிடப் பெரிய எதிரி வேறில்லை.

4. இரண்டு பிரேக்கும் பிடிக்க வேண்டும். தலைக்கவசம் கட்டாயம். பணம் செலவிட விரும்பும் பெற்றோர் முதலில் செலவிட வேண்டியது இதற்கே.

5. ஒரு கைக்கடிகாரமும் ஒரு நோட்டுப் புத்தகமும். ஒவ்வொரு முறையும் ஒரே தூரத்தை ஓட்டி நேரத்தைக் குறித்து வையுங்கள். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்றும் எழுதுங்கள். போகும்போதும் வரும்போதும் தனித்தனியே நேரம் குறித்தால் உங்கள் நிதானம் உங்களுக்கே விளங்கும்.

பயிற்சியைப் பெருஞ்சாலையில் தனியே செய்யக் கூடாது. போக்குவரத்து குறைந்த உட்சாலையில், விடிந்தபின், பெரியவர் ஒருவர் துணையோடு செய்யுங்கள்.

இரண்டு முன்மாதிரிகள்

இங்கிலாந்தின் பெரில் பர்ட்டன் சிறு வயதில் வாதக் காய்ச்சலால் பல மாதம் மருத்துவமனையில் கிடந்தவர். பின்னாளில் ஒரு பண்ணையில் உடல் உழைப்பு வேலை செய்துகொண்டே மிதிவண்டிப் பயிற்சி செய்தார். 1967இல் 12 மணி நேரப் போட்டி ஒன்றில் 277.25 மைல், அதாவது 446 கிலோமீட்டர் சென்றார். அன்று ஆண்களில் முதலாக ஓட்டிக்கொண்டிருந்த வீரரை எட்டிப்பிடித்து, கடந்து செல்லும்போது அவருக்கு ஒரு மிட்டாயும் கொடுத்துவிட்டுப் போனார்! ஆண்களின் சாதனையையும் கடந்த அத்தூரத்தை இரண்டு ஆண்டுகள் எந்த ஆணும் எட்டவில்லை. 50 ஆண்டுகள் எந்தப் பெண்ணும் எட்டவில்லை. முழங்கைக் கைப்பிடியும் தட்டுச் சக்கரமும் அன்று அவரிடம் இல்லை.

அடுத்த முன்மாதிரி நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்கள் மிதிவண்டி கற்பதையும் அவ்வியக்கத்தின் ஒரு பகுதியாக்கினார். ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் கற்றார்கள். பெண்களுக்கான வண்டி போதிய அளவு கிடைக்கவில்லை. அதற்காக அவர்கள் காத்திருக்கவில்லை. குறுக்குக் கம்பியுள்ள ஆண்கள் வண்டியிலேயே, சேலை கட்டியபடியே ஏறிக் கற்றார்கள். தக்க வண்டி வரட்டும் என்று அவர்கள் இருந்திருந்தால் இன்றுவரை நடந்துகொண்டுதான் இருப்பார்கள். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது வல்லவளுக்கும் பொருந்தும் அன்றோ?

எப்போது வாங்கலாம்?

கருவியே வேண்டாம் என்பது என் முடிவன்று. ஒரு மாணவி ஓராண்டு சீராகப் பயின்று, பல போட்டிகளில் கலந்து, நோட்டுப் புத்தகத்தில் நேரம் குறைவது நின்றுவிட்டது என்று கண்டால், அடுத்த படியாக எடை குறைந்த ஒரு சாதாரணப் பந்தய மிதிவண்டியைப் பற்றி யோசிக்கலாம். மாவட்ட, மாநில அளவுக்கு உயர்ந்தபின், பயிற்சியாளர் சொன்னால், நேரப் போட்டிக் கருவிகளைப் பற்றிப் பேசலாம். அப்போதும் கடன் வாங்கி அல்ல. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும்.

போட்டி நடத்துவோருக்கும் ஒரு கடமை உண்டு. ஒத்தவரை ஒத்தவரோடு ஒப்பிட வேண்டும். 2023 அக்டோபரில் இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், கானத்தூர்ப் பகுதியில் பெரிய சைக்கிள் போட்டி ஒன்று நடந்தபோது, தேர்ந்த வீரர்களுக்கும் ஏனையோருக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. பள்ளிப் போட்டிகளிலும் சாதாரண வண்டிக்கு ஒரு பிரிவு வைத்தால் எத்தனையோ மாணவியர் முன்வருவர்.

முடிவு

இரண்டு நாள் கழித்து அந்தத் தாயாரிடம் இக்கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். "அப்ப சங்கிலி வேண்டாம்" என்று ஒரே வரியில் அவர் முடித்துவிட்டார். மாணவியின் முகம் மட்டும் வாடியிருந்தது. விலையில்லா மிதிவண்டியின் முன்கூடையையும் கேரியரையும் கழற்றி, சீட்டை உயர்த்தி, திருக்கழுக்குன்றம் பக்கத்து உட்சாலை ஒன்றில், பின்னால் தந்தையார் மொபெட்டில் வர, அவள் பயிற்சியைத் தொடங்கினாள். முதல் நாள் பத்துக் கிலோமீட்டருக்கு 33 நிமிடம். போட்டி நாளில் 27.

பரிசு கிடைக்கவில்லை. முதல் மூவரும் எடை குறைந்த பந்தய சைக்கிளில் வந்தவர்கள். திரும்பும் வழியில் அவள் கேட்டாள்: "டீச்சர், அவங்களும் நானும் ஒரே மாதிரி சைக்கிள்ல ஓட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

உலகச் சங்கம் போர்ட்மனைப் பழைய வண்டியில் ஏற்றிக் கேட்டதும் இதே கேள்விதான். "எனக்குத் தெரியாது. ஆனால் 33ஐ 27 ஆக்கியது எந்தச் சைக்கிளும் அல்ல, நீதான்" என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை அவள் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். புதிய பக்கத்தின் தலைப்பில் '25' என்று எழுதி அடிக்கோடு இட்டிருந்தாள்.